மூன்று அழைப்புகள்

திருக்கோயிலில் ஒலிக்கும் இசை ஒருவகைப்பட்டதன்று. புறப்பாட்டில் நாகஸ்வரம் முழங்கும்; சந்நிதியில் ஓதுவார் திருமுறை விண்ணப்பிப்பார்; மண்டபத்தில் பஜனை நிகழும். மூன்றும் இறைவனுக்கே உரியவை. எனினும், கேட்கும் அடியாரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அழைக்கின்றது.

நாகஸ்வரம் கால்களை அழைப்பது. சுவாமி எழுந்தருளும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். அதற்குச் சாகித்தியம் இல்லை; ஆகவே மொழியறிவும் வேண்டுவதில்லை. தவிலின் சொற்கட்டோடு காலம் மாறி மாறி விரியும் நாதமே அதன் உருவம். தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என அதில் வகைகள் உண்டு. அவ்வொலி வீதி திரும்பியதும் தேங்காய்ப் பழத் தட்டுடன் வீட்டார் வாசலுக்கு வந்துவிடுவர்.

ஓதுவாரின் பண் செவியை அழைப்பது. தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடுகையில் ஒவ்வொரு சொல்லும் தனித்து வந்து நெஞ்சில் அமரும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் முதலாம் ராஜராஜன் நியமித்து, நெல்லும் அளித்ததைக் கல்வெட்டு கூறுகின்றது.

இசை மனிதரை எவ்வாறு இணைக்கும் என்பதற்குப் பெரிய புராணம் சான்று. சம்பந்தர் பதிகங்களை யாழில் இசைத்துவந்தவர், பாணர் மரபில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர். சாத்தமங்கையில், அந்தணரான திருநீலநக்கரின் இல்லத்தில், சம்பந்தரின் வாக்கின்படி அவருக்கும் அவர் துணைவியாருக்கும் வேள்வித் தீயின் அருகிலேயே தங்க இடம் தரப்பட்டது. அத்தீ வலமாகச் சுழித்து முன்னினும் ஓங்கி எரிந்தது.

பஜனை நாவை அழைப்பது. பாகவதர் ஓரடி பாட, கூடியிருப்போர் திருப்பிப் பாடுவர். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்த முறையில் ஜயதேவரின் வடமொழி, பத்ராசல ராமதாசரின் தெலுங்கு, புரந்தரதாசரின் கன்னடம், துக்காராமின் மராத்தி யாவும் ஒரே அமர்வில் இடம்பெறும். சுருதி பிசகிய குரலையும் கூட்டத்தின் குரல் ஏந்திக்கொள்ளும்.

இன்று பல ஆலயங்களில் தீபாராதனையின்போது மின்விசையால் இயங்கும் முரசும் மணியுமே ஒலிக்கின்றன. ஆள் கிடைக்காத சிற்றூரில் அதுவும் கைங்கரியமே, குறை சொல்லலாகாது. ஆயினும் இயந்திரம் எவருக்காகவும் காத்திராது. தவில்காரரோ சீர்பாதம் தாங்குவோரின் நடைக்கேற்ப வாசிக்கிறார். ஓதுவார் திரை விலகும்வரை பாட்டை நீட்டுகிறார். பாகவதர், முதியவர் ஒருவர் மூச்சு வாங்கும்வரை அடுத்த அடியைத் தாமதிக்கிறார்.

வயது ஏறினால் வீதியுலாவோடு நடக்க இயலாமற் போகலாம். அப்போது ஓதுவாரின் அருகே அமர இடமுண்டு. செவி மந்தமானால் பஜனையில் நாமம் சொல்ல நா உண்டு. இம்மூவழியும் பேரப்பிள்ளைகளுக்கும் எஞ்ச வேண்டுமாயின், கலைஞர்க்குப் பிழைப்பு இருத்தல் வேண்டும். இல்லத்தின் மணிவிழாவுக்கு ஒலிநாடாவை விடுத்து நாகஸ்வரக் குழுவை அழைப்பதும், ஓதுவாருக்கு இயன்ற சம்பாவனை அளிப்பதும், பஜனைக்குச் செல்கையில் ஒரு குழந்தையின் கைபிடித்து அழைத்துச் செல்வதும் எளிய குடும்பங்களாலும் இயலும் தொண்டுகள்.