ஏறு... இறங்கு... எதைக் கேட்பது?

வானத்துல ரெண்டு விமானம் நெருங்குது. காக்பிட் கருவி 'மேலே ஏறு'ங்குது. கன்ட்ரோல் ரூம் 'கீழே இறங்கு'ங்குது. யார் பேச்சைக் கேட்பீங்க பாஸ்?

2001 ஜனவரியில் ஜப்பான் வானில் இதே குழப்பம். நூலிழையில் தப்பினார்கள். 2002 ஜூலை 1, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே தப்பவில்லை. ரஷ்ய விமானம் கன்ட்ரோல் ரூம் சொன்னபடி இறங்கியது. எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் பலி. அதில் பெரும்பாலோர் குழந்தைகள்!

ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமான அமைப்பு, 'கருவி சொல்வதே இறுதி' என்று விதியைத் தெளிவாக்கியது 2003 நவம்பரில்தான்.

நாளைக்கு உங்க வேலையிலும் 'அப்பாடா, தப்பிச்சோம்'னு ஒரு நாள் வரும். பெருமூச்சோட விட்டுடாதீங்க. எழுதி அனுப்புங்க. அடுத்தவன் எழுதி அனுப்பினா, அன்னிக்கே படிங்க!