எண்பது சதவீதம் எதற்குச் சாட்சி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஐ.டி. கட்டடங்கள் எழுந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. இரண்டு இடத்திலும் சரக்கைச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் மென்பொருள் பக்கத்தில் அந்தச் சோதனையை ஒற்றை எண்ணால் எடைபோடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. யூனிட் டெஸ்ட்டுகள் ஓடும்போது நிரலின் எத்தனை சதவீத வரிகள் இயங்கின என்ற கணக்குதான் அந்த எண். அதன் பெயர் கவரேஜ். 80 சதவீதத்தைத் தொட்டால் தரம் உறுதி, தொடாவிட்டால் ரிலீஸ் இல்லை என்பதில் கிளையன்ட்டுக்கும் மேனேஜருக்கும் கருத்து வேறுபாடு அரிது. நிரலின் தரத்தை அலசும் சோனார்க்யூப் கருவியும் புதிய நிரலுக்கு 80 சதவீதத்தையே இயல்பான வரம்பாக வைத்திருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு ஆதரவாக நான்கு வாதங்கள் வைக்கப்படுகின்றன. நான்கும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. எதைச் சோதிக்காமல் விட்டோம் என்பதற்குக் கவரேஜ் நல்ல சாட்சி. எதைச் சரியாகச் சோதித்தோம் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

டெஸ்ட்டில் ஓடிய வரி சோதிக்கப்பட்ட வரிதான் என்பது முதல் வாதம். வீட்டு மின்கட்டணத்தைக் கணக்கிடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கட்டண அட்டவணை. அதைத் தாண்டினால் வேறு அட்டவணை. ‘500-க்கு மேல்’ என்று எழுத வேண்டிய நிபந்தனையை ஒருவர் ‘500 அல்லது அதற்கு மேல்’ என்று எழுதிவிடுகிறார். 300 யூனிட்டுக்கு ஒன்று, 700 யூனிட்டுக்கு ஒன்று என இரண்டு டெஸ்ட் எழுதினால் எல்லா வரிகளும் ஓடிவிடும், இரண்டு கிளைகளும் ஓடிவிடும். கவரேஜ் 100 சதவீதம். சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு மட்டும் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகும். இதைவிட மோசம், அந்த இரண்டு டெஸ்ட்டும் வந்த விடையை எதனோடும் ஒப்பிடாமல் விட்டாலும் கவரேஜ் அதே 100 தான். பட்டறை மொழியில் சொன்னால், பாகம் இன்ஸ்பெக்‌ஷன் மேசையைக் கடந்துவிட்டது. கேஜை யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் விடையையும் ஒப்பிட்டு, 100 சதவீதமும் எட்டிவிட்டால் போதாதா என்பது இரண்டாவது வாதம். கவரேஜின் பகுதி எண் எழுதப்பட்ட வரிகள் மட்டுமே. எழுதப்படாத வரிக்கு அதில் இடமே இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான்-5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் மாற்றும்போது, எண் அடங்காவிட்டால் என்ன செய்வது என்ற பாதுகாப்பு வரி அங்கே இல்லை. ஏரியான்-4 ராக்கெட்டின் பாதைக்குச் சரியாக வேலைசெய்த அந்த நிரல், புதிய ராக்கெட்டின் பாதையைக் கொண்டு சோதிக்கப்படவே இல்லை. இல்லாத வரியை எந்தக் கவரேஜ் அறிக்கையும் சிவப்பில் காட்டியிருக்காது. 2014-இல் ஆய்வாளர்கள் லாரா இனோசெம்ட்சேவாவும் ரீட் ஹோம்ஸும் ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 டெஸ்ட் தொகுப்புகளை உருவாக்கி ஆராய்ந்தார்கள். தொகுப்பின் அளவைச் சமமாக வைத்துப் பார்த்தபோது, கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் இருந்த தொடர்பு வலுவாக இல்லை. சோதனை குறைந்த பகுதிகளைக் கண்டறியக் கவரேஜ் உதவும், தர இலக்காக அது உதவாது என்பதே அவர்கள் முடிவு.

மூன்றாவது வாதம் கனமானது. உயிரோடு விளையாட முடியாத துறைகளே கவரேஜைக் கட்டாயமாக்கவில்லையா? உண்மைதான். 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம் கண்ட ஓட்டுநர் இல்லா சென்னை மெட்ரோவைப் போன்ற ரயில்களில் முடிவெடுப்பது மென்பொருள். ரயில்வே மென்பொருளுக்கான ஐரோப்பியத் தரநிலை, உயர் பாதுகாப்பு நிலைகளுக்குக் கவரேஜை வலுவாகப் பரிந்துரைக்கிறது. விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178சி இன்னும் கறார். அதன் உச்ச நிலையில், ஒரு முடிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகவே அந்த முடிவை மாற்றும் என்று காட்ட வேண்டும். ஆனால் அங்கே வேலை நடக்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். டெஸ்ட்டுகள் நிரலைப் பார்த்து எழுதப்படுவதில்லை, தேவைகளின் பட்டியலிலிருந்து எழுதப்படுகின்றன. அவற்றை ஓட்டிய பிறகே கவரேஜ் பார்க்கப்படுகிறது. ஓடாத வரி ஒன்று அகப்பட்டால் கேள்வி எழும்: டெஸ்ட் விடுபட்டதா, தேவையே எழுதப்படாமல் போனதா, அல்லது அந்த வரி வேண்டாத குப்பையா? அங்கே மதிப்பு அந்த விசாரணைக்குத்தான். எண்ணை மட்டும் இரவல் வாங்கி விசாரணையைக் கைவிட்டவர்கள் விமானத் துறையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இலக்கு என்று ஒன்று இல்லாவிட்டால் யாரும் டெஸ்ட்டே எழுத மாட்டார்கள் என்பது கடைசி வாதம். இதில் பாதி நியாயம் உண்டு. டெஸ்ட்டே இல்லாத குழுவைத் தொடங்க வைக்கக் குறைந்தபட்ச வரம்பு உதவும். ஆனால் வரம்பு ஒன்றே நோக்கமானால் என்ன நடக்கும் என்பதற்கு சேல்ஸ்ஃபோர்ஸ் உலகைப் பார்க்கலாம். அங்கே ஏபெக்ஸ் மொழியில் எழுதிய நிரல் 75 சதவீதக் கவரேஜ் இல்லாமல் புரொடக்‌ஷனுக்குப் போக முடியாது. நிரலை வெறுமனே ஓட்டிவிட்டு எதையும் சரிபார்க்காத டெஸ்ட்டுகள் அந்த வட்டாரத்தில் தெரிந்த வியாதி. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பயன்பாட்டுச் சூழலும் சோதிக்கப்படுகிறதா என்று பாருங்கள் என்று அந்நிறுவனத்தின் வழிகாட்டியே அறிவுறுத்துகிறது.

கவரேஜை உயர்த்துவதில் தவறில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் விஷயம். மதிப்பை எடுக்க, வைக்க மட்டும் உதவும், எளிதில் சதவீதம் ஏறும் கெட்டர், செட்டர் வரிகளை விட்டுவிட்டு, இந்த ரிலீஸில் மாறிய கோப்புகளில் ஓடாத வரிகளை முதலில் படிக்க வேண்டும். பணம் கணக்கிடும் இடம், அனுமதி மறுக்கும் இடம், பிழையைக் கையாளும் இடம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை. பிறகு பிட் (PIT) போன்ற மியூட்டேஷன் கருவியை ஓட்டலாம். அது நிரலில் வேண்டுமென்றே சிறு தவறுகளைப் புகுத்தி, டெஸ்ட்டுகள் தோற்கின்றனவா என்று பார்க்கும். மின்கட்டண நிரலில் அது ‘500 அல்லது அதற்கு மேல்’ என்பதை ‘500-க்கு மேல்’ என்று மாற்றியும் ஒரு டெஸ்ட்கூடத் தோற்றிருக்காது. அந்த எல்லையை யாரும் காவல் காக்கவில்லை என்பது அப்போதே வெளிப்பட்டிருக்கும். ஆகவே வாங்குபவர் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது சோதிக்கப்படாத வரிகளின் பட்டியலும், ஒவ்வொன்றையும் விட்டதற்கான காரணமும். அதைத் தரும் குழுவின் கவரேஜ் 65 ஆகவே இருக்கட்டும். காரணம் சொல்லத் தெரியாத 95-ஐவிட அதை நம்பி வாங்கலாம்.