ஆலோசனை சொன்னவர்கள்

பிறருடைய பண்பாட்டைக் கலையாக்க முனைபவர், அதனை அறிந்தவரிடம் ஆலோசனை கேட்பது நல்ல வழக்கமே. ஆயினும், ஆலோசனை சொல்ல அழைக்கப்படுவது வேறு; கதை சொல்லும் உரிமை பெறுவது வேறு. பேசாப்படக் காலத்து அமெரிக்கத் திரையுலகிற் பணிபுரிந்த சீனர் இருவரின் வாழ்க்கை இவ்வேற்றுமையைத் தெளிவாக்குகின்றது.

1919ஆம் ஆண்டில் டி. டபிள்யூ. கிரிபித் ‘புரோக்கன் புளொசம்ஸ்’ என்னும் படத்தை வெளியிட்டார். இலண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் வாழும் சீன இளைஞன் ஒருவனின் காதற் சோகமே அதன் கதை. சீன வழக்கங்களை எடுத்துரைக்க மூன் குவான் என்னும் சீனர் அமர்த்தப்பட்டார். கதாநாயகனாக நடித்தவரோ றிச்சர்ட் பாதெல்மெஸ் என்னும் வெள்ளையர். கண்களைச் சுருக்கி, தோள்களைக் குறுக்கி அவர் சீனரானார். வழக்கங்கள் பிழையின்றி அமைய வேண்டும் என விரும்பியவர்களுக்கு, முகம் சீனருடையதாக இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை!

மற்றவர் ஜேம்ஸ் பி. லியோங். 1889இல் சங்காயிற் பிறந்து அமெரிக்கா சென்ற இவர், சீனக் கதைப் படங்களை எடுத்த நெறியாளர்களுக்கு உதவியாளராக இருந்தார். பிறர் காட்டிய சீனம் மனநிறைவு தராமையாற் போலும், சொந்த நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1921இல் ‘லோட்டஸ் புளொசம்’ வெளிவந்தது. மணி வார்ப்பு நிறைவேறுவதற்காகத் தன்னுயிரை ஈயும் மகளைப் பற்றிய சீன ஐதீகமே அதன் கரு. லேடி ட்சென் மெய் கதாநாயகியானார். எனினும், முக்கிய ஆண் பாத்திரங்களில் டல்லி மார்ஷல், நோவா பீரி ஆகிய வெள்ளையரே தோன்றினர். தாமே முதலாளியான போதும் அன்றைய சந்தையின் வழக்கத்தை லியோங்கினால் முற்றாக மீற முடியவில்லை என்றே நான் கொள்கின்றேன்.

அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் சிறு வேடங்களிற் கழிந்தது. பல படங்களில் அவர் பெயர்கூடத் திரையில் இடம்பெறவில்லை. 1967இல் அவர் மறைந்தார். அவருடைய கனவுப் படத்தில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு சுருள்.

மூன் குவானின் வழி வேறாயிற்று. குவான் மான்சிங் என்ற தம் பெயருடன் ஹொங்கொங்கில் நெறியாளராகிய அவர், 1935இல் ‘உயிர்நாடி’ என்று பொருள்படும் பெயர்கொண்ட தேசப்பற்றுப் படத்தை உருவாக்கினார். அங்கே நடிகரும் அவர் மக்கள். பார்த்தவரும் அவர் மக்கள்.

இருவரின் திறமையையும் எடைபோடுவது என் நோக்கமன்று. ஒருவருக்குக் கிடைத்த களம் மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஒரு மக்களைப் பற்றிய நூலையோ படத்தையோ மதிப்பிடும்போது, ‘விவரங்கள் சரியா?’ என்பதோடு நாம் அமைந்துவிடுகின்றோம். ‘சொல்பவர் யார்? அறிந்தவர் எங்கே நிறுத்தப்பட்டார்?’ என்ற வினாக்களையும் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுப்புவார்களாக. விவரத்தைப் பெற்றுக்கொண்டு, அதைத் தந்தவனை வாயிலிலே நிறுத்திவிடும் கலை எத்துணை அழகாயினும் நிறைவுடையது ஆகாது.