‘நுரையீரல் பிபி’ என்பது ஒரு நோயின் பெயர் இல்லைங்க (த்ரெட்)

எக்கோ ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பிஏஹெச்’ என்று மூணு எழுத்து. அதைப் பார்த்ததும் சில்டெனாஃபில் மாத்திரை எழுதி, “லங்ஸ்ல பிபி இருக்கும்மா, இதைப் போடுங்க”ன்னு அனுப்பி வைக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு எதிராத்தான் இந்த த்ரெட். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். கையில பட்டை கட்டிப் பார்க்கிற பிபி வேற, இது வேற. இதயத்தோட இடது பக்கம் உச்சந்தலை முதல் கால் விரல் வரைக்கும் ரத்தத்தை அனுப்பணும். அதனால அங்க 120/80. வலது பக்கத்துக்கு நுரையீரல் மட்டும்தான் வேலை, பக்கத்து வீட்டுக்குப் போற தூரம். அங்க சராசரி அழுத்தம் 14 மாதிரிதான் இருக்கும். 20-ஐத் தாண்டினாலே அதிகம்னு இப்ப வரையறை (முன்னாடி 25 வச்சிருந்தாங்க).

வலது பக்கச் சுவர் மெல்லிசு. எதிர்ல அழுத்தம் ஏற ஏற அது வீங்கித் தளர்ந்துடும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், கால் வீங்கும், சிலர் வேகமா நடக்கும்போதே மயங்கி விழுவாங்க. அப்பவும் கையில பார்க்கிற பிபி நார்மலாவே இருக்கலாம். “பிபி நார்மல், வெறும் காஸ்தான்”ங்கிற தைரியம் இங்க செல்லாது.

சரி, ஏன் அழுத்தம் ஏறுது? இந்தக் கேள்வியைத்தான் யாருமே கேட்கிறதில்ல. காரணங்களை அஞ்சு வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. எந்த வகைங்கிறதை வச்சுத்தான் வைத்தியம். ஒரு வகைக்கு உயிர் காக்கிற மாத்திரை இன்னொரு வகையில ஆளைக் கவிழ்த்துடும்.

உலகம் முழுக்க அதிகமா இருக்கிறது இடது பக்க இதய நோயால் வர்ற வகை. டோல்கேட்ல கவுன்டரை மூடிட்டா பின்னாடி ரோடு முழுக்க வண்டி தேங்கும். தப்பு ரோட்டு மேலயா? இங்க டோல்கேட் இடது இதயம், ரோடு நுரையீரல் ரத்தக்குழாய். கவுன்டரைத் திறக்காம ரோட்டை மட்டும் அகலப்படுத்தினா இன்னும் நிறைய வண்டி வந்து அதே இடத்துல முட்டும். சில்டெனாஃபில் செய்யறது ரோட்டை அகலப்படுத்துற வேலை. மைட்ரல் வால்வு சுருங்கினவங்களுக்கு அதைக் கொடுத்தா நுரையீரல்ல நீர் கோத்துக்கிற ஆபத்து இருக்கு.

இந்த வால்வு சுருக்கம் நம்ம ஊர்ல எங்கிருந்து வருது? பெரும்பாலும் சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல இருந்து. தொண்டை வலி, அப்புறம் மூட்டு மூட்டா வீக்கம். “வளர்ற பசங்களுக்கு வர்ற வலி”ன்னு விட்டிருப்பாங்க. 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டிருந்தா வால்வு மேலும் கெடாம காத்திருக்கலாம். சுருங்கின பிறகும் பலருக்கு தொடை வழியா பலூன் விட்டு வால்வை விரிச்சுடலாம், நுரையீரல் அழுத்தமும் இறங்கும். அப்படிப்பட்டவங்க வருஷக்கணக்கா மாத்திரை தின்னுக்கிட்டு உட்கார்ந்திருந்தா கோபம் வருமா வராதா?

அடுத்தது நுரையீரலே கெட்டுப்போய் வர்றது. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை, பழைய காசநோய்த் தழும்பு. ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வர்றதும் இதுல சேர்த்தி. ஆக்சிஜன் குறைஞ்சா நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்கிக்கும். புகையை நிறுத்துறதும், தேவைப்பட்டா ஆக்சிஜன் வைக்கிறதும்தான் முக்கிய வைத்தியம். “ஒரு பீடி கூட குடிச்சதில்ல டாக்டர்”னு சொல்ற அம்மாக்கள் முப்பது வருஷம் ஊதாங்குழல் ஊதியிருப்பாங்க. அதையும் கேட்கணும்.

மூணாவது, நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சு, கரையாம தழும்பா தங்கிடறது. இதை ஆஸ்துமான்னு நினைச்சு வருஷக்கணக்கா இன்ஹேலர் இழுக்கிறவங்க இருக்காங்க. கண்டுபிடிக்க வி/க்யூ ஸ்கேன் எடுக்கணும், சாதாரண எக்ஸ்ரே போதாது. ஆபரேஷன்ல அந்தத் தழும்பை உரிச்சு எடுக்க முடிஞ்சா ஏறக்குறைய குணமாகிற வாய்ப்பே இருக்கு. கால்ல ரத்தக்கட்டி வந்தவங்க, நீண்ட நாள் படுக்கையில இருந்தவங்க இதைக் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சார்காய்டோசிஸ், சில ரத்த நோய்கள், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புன்னு ஒரு கலவை வகையும் உண்டு. அது குறைவு.

கடைசியா, உண்மையான ‘பிஏஹெச்’. நுரையீரலோட சின்னச் சின்ன ரத்தக்குழாய்களே தடிச்சுப் போற நோய். பரம்பரை மரபணுக் கோளாறு, ஸ்கிளீரோடெர்மா, ஹெச்ஐவி, கல்லீரல் சுருக்கம்னு காரணங்கள் பல. எடை குறைக்கிற மாத்திரையும் காரணமாகலாம். 1965-ல ஐரோப்பாவுல அமினோரெக்ஸ்னு ஒண்ணு பசியை அடக்க விற்பனைக்கு வந்து, நிறைய பேருக்கு இந்த நோயைக் கொடுத்து, 1968-ல நிறுத்தப்பட்டது. ரீல்ஸ் பார்த்து பேர் தெரியாத ‘ஸ்லிம்மிங்’ மாத்திரை வாங்குறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இந்த வகையில எனக்கு அதிக ஆத்திரம் வர்றது இதய ஓட்டை விஷயத்துல. பெரிய ஓட்டை பலவற்றை முதல் ஒரு வயசுக்குள்ளயே மூடணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் உண்டு. ஆனா “பொம்பளப் புள்ள, நெஞ்சுல தழும்பு விழுந்தா யார் கட்டிப்பா?”ன்னு தள்ளிப் போடறாங்க. தள்ளிப் போட்டா நுரையீரல் அழுத்தம் ஏறி ஏறி, ஒரு கட்டத்துல ரத்தம் எதிர்ப்பக்கமா ஓட ஆரம்பிக்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும். ஐசன்மெங்கர்னு பேர். அதுக்கப்புறம் ஓட்டையை மூடக்கூடாது, மூடினா ஆபத்து. கல்யாணத்துக்காகத் தழும்பைத் தவிர்த்த அந்தப் பொண்ணு கர்ப்பமானா அவ உயிருக்கே ஆபத்து. மாமியார் வீட்ல சொல்லாம மறைச்சுட்டு, எட்டாம் மாசம் மூச்சுத் திணறலோட கூட்டிட்டு வராதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே இதய டாக்டர்கிட்ட கேளுங்க.

“அப்போ எல்லாருக்கும் கேத் பண்ணணுமா டாக்டர்?”னு கேட்பீங்க. வேண்டாம். வால்வு கோளாறும் புகையால் கெட்ட நுரையீரலும் எக்கோ, எக்ஸ்ரே, நல்ல விசாரிப்புலயே பெரும்பாலும் தெரிஞ்சுடும். ஆனா எக்கோ சொல்ற அழுத்தம் கணக்குப் போட்டு வர்ற மதிப்பீடுதான். பிஏஹெச்னு முடிவு பண்ணி ஆயுசு முழுக்க மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி வலது இதயத்துல குழாய் விட்டு நேரா அளக்கணும். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்கூட கிடைக்காத ஓபியில இதெல்லாம் நடக்குமான்னு சக டாக்டர்கள் கேட்பீங்க. நானும் அதே ஓபியில உட்கார்ற எம்பிபிஎஸ்தான். கேத் நம்மால முடியாது. “ஏன்?”னு கேட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுத ரெண்டு நிமிஷம் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. சரியா கண்டுபிடிச்சு, சரியாவே சில்டெனாஃபில் எழுதியிருப்பாங்க. மெடிக்கல்ல நமட்டுச் சிரிப்பு சிரிப்பாங்க, வீட்ல யாராவது கூகுள் பண்ணி “இது வயாகரா, பொம்பளைக்கு எதுக்கு?”ன்னு பிடுங்கிப் போட்டுடுவாங்க. அதே மருந்துதான். 2005-லயே அமெரிக்காவுல இந்த நோய்க்கு அனுமதி கிடைச்சுடுச்சு. திடீர்னு நிறுத்தினா நிலைமை மோசமாகலாம், நிறுத்தாதீங்க.

அதைச் சாப்பிடறவங்க நெஞ்சு வலின்னு யாராவது நாக்குக்கு அடியில சார்பிட்ரேட் வச்சா மறுத்துடுங்க. ரெண்டும் சேர்ந்தா பிபி அதலபாதாளத்துக்கு இறங்கிடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மாத்திரை அட்டையையும் பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.