ஒரே டிவி, இரண்டு வால்யூம்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், அப்பா டிவியை அலற விடுகிறார். பக்கத்து ஃபிளாட்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வயர்லெஸ் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எது சார் நல்லது?" என்று கேட்டார். இயற்பியல் வாத்தியார் என்பதால் கேட்டாரா, என் காது விஷயம் அவர் வரை போய்விட்டதா தெரியவில்லை. இரண்டு வருடத்தில் மூன்று ஹெட்ஃபோன் மாற்றியவன் நான். போனில் ஏதோ சொல்லி வைத்தேன். சொல்லாமல் விட்டதுதான் அதிகம். உங்களில் பலருக்கும் இப்போது அதே வயதில் அப்பா, அம்மா இருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கடைக்காரரும் விளம்பரமும் ஒலித்தரத்தைப் பற்றியே பேசுவார்கள். வீட்டில் டிவி பார்க்க வாங்கும் ஹெட்ஃபோனில் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. இரண்டு மணி நேரம் மாட்டினாலும் தலை வலிக்கக் கூடாது. உதடு அசைவதும் பேச்சும் ஒன்றாக வரவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டவரை அது வீட்டிலிருந்து பிரித்துவிடக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் நன்றாக இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், அப்பா ஏன் அலற விடுகிறார்? செவிடு என்று சொல்லிவிடுவது சுலபம். வயதாகும்போது காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்தான் முதலில் போகிறது. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக வரும். க, ச, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் பகுதி பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில், மெலிந்து வரும். அதனால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. படமா, கடமா, தடமா என்று திண்டாட்டம். "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். நாலு தடவை கேட்டபின் கேட்க வெட்கமாகி, ரிமோட்டை எடுத்து 20-ஐ 35 ஆக்குவார். உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகும். மெய் பாவம், அப்போதும் பின்வரிசையில்தான்.

இதோடு நம் வீட்டு ஹாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை. டிவியிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. மேலே மின்விசிறி, உள்ளே மிக்ஸி. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி அளவு 6 டெசிபல் குறையும் என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். அறைக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும், தூரம் கூடக்கூட நேராக வரும் பேச்சு தேய்ந்து, எதிரொலியின் பங்கு கூடிவிடுகிறது. ஹெட்ஃபோன் உதவுவது இங்கேதான். அது அறையையே கழித்துவிடுகிறது. சத்தத்தைக் கூட்டாமலேயே பேச்சு தெளிகிறது. முதல் நாள் மாட்டியபோது, செய்தி வாசிப்பவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

என் முதல் ஹெட்ஃபோன், மகள் கொடுத்த இயர்பட். பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தப்பு இது. தாங்கள் ஓடும்போது மாட்டுவதை அப்பாவுக்கும் வாங்கிவிடுகிறார்கள். சோபாவில் சாய்ந்தால் கழன்று விழும். குனிந்து தேட வேண்டும். தொட்டால் ஒன்று, இரண்டு முறை தொட்டால் இன்னொன்று என்று காதின் மேல் ஒரு தேர்வு. காது அரிப்பு வேறு. ஆனாலும் அதை நான் கைவிட்டது இவற்றால் அல்ல. உதடு முன்னால் போனது, குரல் பின்னால் வந்தது.

ஆற்றின் மறுகரையில் துணி துவைப்பவரைப் பார்க்கும் உதாரணம் நினைவிருக்கிறதா? துணி கல்லில் விழுந்து, மேலே போன பிறகுதான் "தொப்" என்று கேட்கும். அதேதான் இது. சாதாரண புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் 0.2 விநாடி அளவில் தாமதமாகிவிடுவது வழக்கம். 0.2 விநாடியில் ஒலி காற்றில் சுமார் 70 மீட்டர் போகும். அதாவது கதாநாயகன் நம் பள்ளி மைதானத்தின் மறுகோடியில் நின்று பேசுகிறார். பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் காது மங்கியவர் தன்னை அறியாமல் உதட்டைப் படித்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறார். அந்த உதடு பொய் சொன்னால், வைத்திருந்த ஊன்றுகோலையும் பிடுங்கிய மாதிரி. இந்தத் தாமதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் டிவிகள் உண்டு. எல்லா டிவியும் அப்படிச் செய்வதில்லை.

இன்னொரு கூத்து. புளூடூத்தை இணைத்ததும் எங்கள் டிவியின் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. பல டிவிகளில் இப்படித்தான். எனக்குக் கேட்டால் மனைவிக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்டால் எனக்குக் கேட்காது. நாற்பது வருடம் ஒரே சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் முறை வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம். அவள் மெல்ல எழுந்து உள்ளே போய்விடுவாள். சீரியல் அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

இரண்டாவது, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. காதை முழுக்க மூடும் பெரிய வகை, சுற்றுச் சத்தத்தை நீக்கும் வசதியோடு. அருமையான பொருள், அதில் குறை சொல்ல மாட்டேன். மாட்டினால் மின்விசிறி நின்றுவிட்டதோ என்று மேலே பார்ப்பேன். இந்த இரைச்சல் நீக்கம் மின்விசிறி, விமான எஞ்சின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக நீக்கும். மனிதக் குரலை அவ்வளவாக நீக்காது. ஆனால் இறுக்கமான குஷனும், உள்ளே ஓடும் டிவி சத்தமும் சேர்ந்தால் குரலுக்கும் வழியில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலை. நான் ஹாலில் பழைய நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கொல்லையில் துவைக்கிற கல் பக்கம் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து வாசல் மணியை அடித்துப் பார்த்து, அப்புறம் சுற்றிப் போய்க் கொல்லை வழியாக வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறது. பிறகு ஹாலுக்கு வந்து என் தோளைத் தொட்டது. நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் கட்டு. என் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரவு மாத்திரை கொடுக்கும்போது, "முதல்ல உங்களைத்தான் கூப்பிட்டேன். அப்புறம் அதை மாட்டியிருப்பீங்கன்னு ஞாபகம் வந்துச்சு. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

மகனிடம் சொன்னபோது, "வெளிச்சத்தம் கேட்கிற மாதிரி மாற்ற அதிலேயே பட்டன் இருக்கே அப்பா" என்றான். உண்மைதான். ஆனால் அதைத் தினமும் ஞாபகமாக அழுத்தவேண்டும். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுபவனின் ஞாபகத்தை நம்பி ஒரு வீட்டின் பாதுகாப்பை விட முடியாது. அந்த ஹெட்ஃபோன் இப்போது பேரனிடம் இருக்கிறது, ரயிலில் போகும்போது மாட்டிக்கொள்கிறான். அதற்கு அதுதான் சரியான இடம்.

இப்போது என்னிடம் இருப்பது விலை குறைந்தது, பார்க்கவும் சுமார்தான். ஆனால் டிவிக்கென்றே செய்தது. டிவி பக்கத்தில் வைக்கும் சிறு டிரான்ஸ்மிட்டரும் ஹெட்ஃபோனும் ஜோடியாக வரும். ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும் இந்த வகையில் தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். புளூடூத்திலேயே வேண்டுமென்றால், குறைந்த தாமதத் தொழில்நுட்பம் அனுப்பும் பெட்டி, ஹெட்ஃபோன் இரண்டிலும் இருக்கவேண்டும். ஒன்றில் மட்டும் இருந்து பயனில்லை. அகச்சிவப்பு வகையும் உண்டு. நடுவில் யாராவது குறுக்கே போனால் ஒலி அறுந்துவிடும், எனக்குப் பிடிக்கவில்லை.

முக்கியமாக இது திறந்த வகை. காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடியிராது. குக்கர் விசில் கேட்கிறது, வாசல் மணி கேட்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கிறது. உள்ளே இருக்கும் ஒலி கொஞ்சம் வெளியே கசியும். பக்கத்தில் குழந்தை தூங்கினால் இது சரிப்படாது. வீட்டில் விழித்திருக்கும் வேறு யாராவது எப்போதும் இருப்பார்கள் என்றால் மூடிய வகை வாங்குங்கள், சண்டையில்லை. வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சுகம் என்றால் என்ன என்பதையும் மூன்றாவது முறைதான் புரிந்துகொண்டேன். எடை 250 கிராமுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஒரு படம் முடிவதற்குள் கழுத்து சொல்லும். கண்ணாடி போடுபவர்கள், கண்ணாடியோடு இருபது நிமிடம் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். இறுக்கமான வளையம் கண்ணாடிக் காம்பைப் பொட்டில் வைத்து அழுத்தும். நம் ஊர் வெயிலுக்கு ரெக்ஸின் குஷன் ஆகாது, வியர்க்கும். இரண்டு வருடத்தில் உரிந்து கறுப்புத் துகள் சட்டையெல்லாம் ஒட்டும். துணி குஷன் நல்லது, கழற்றி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. கொண்டை போடும் அம்மாக்களுக்குத் தலை மேல் வளையமே தொல்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி தாடைக்குக் கீழே தொங்கும் வகை இருக்கிறது, மிக லேசு. சார்ஜ் செய்ய, சிறு துளையில் வயரைச் செருகுவதைவிட ஸ்டாண்டில் மாட்டினாலே சார்ஜ் ஏறுவதாகப் பாருங்கள். விரல் நடுங்கும் வயதில் அந்தத் துளை ஊசியில் நூல் கோப்பதற்குச் சமம்.

டிவி ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் இரண்டும் ஒன்றாகப் பேச வழி உண்டு. டிவியின் பின்னால் ஆப்டிகல் துளை இருந்தால் டிரான்ஸ்மிட்டரை அதில் செருகுங்கள். பல டிவிகளில் ஸ்பீக்கரும் தொடர்ந்து பேசும். சத்தமே வரவில்லை என்றால் டிவி அமைப்பில் ஒலி வெளியீட்டை 'பிசிஎம்' என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எங்கள் வீட்டில் அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் செட்டாப் பாக்ஸின் பின்னால் சும்மா கிடந்த சிவப்பு, வெள்ளைத் துளைகளில் டிரான்ஸ்மிட்டரை மாட்டினேன். ஸ்பீக்கர் அவளுக்கு 12-ல், ஹெட்ஃபோன் எனக்கு என் அளவில். அவள் திரும்ப சோபாவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். காது மங்கியவர் கைக்கு வால்யூம் சக்கரம் கிடைத்தால் எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதனால் ஹெட்ஃபோன் வாங்கும் முன், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு கேட்புப் பரிசோதனை செய்துவிடுங்கள். வலி கிடையாது, கொஞ்ச நேரம்தான். 60 வயது தாண்டியவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்புக் குறை இருக்கிறது என்கிறது அதே நிறுவனம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு இரண்டு வருடம் தள்ளிப்போட்டவன் சொல்கிறேன். எனக்குக் காது மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோன் டிவிக்கு மட்டும்தான், மனிதர்களோடு பேச அது உதவாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

போன் செய்த மாணவருக்கு ஒரு வேலை. ஆன்லைனில் ஆர்டர் போடும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். எத்தனை தடவை "என்ன சொன்னான்?" என்று கேட்கிறார் என்று கவனியுங்கள். அப்படியே டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டின் முதுகையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தத் துளையில் எதைச் செருகவேண்டும் என்று சொல்கிறேன். மற்றவர்களும் அனுப்பலாம். மாலை நாலு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.