வரைகிற பிள்ளையை வரைய விடுங்கள்



பினாங்கு பைராம் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பள்ளி விட்டு வந்ததும் மகன் வர்ணப் பெட்டியோடு உட்கார்ந்துவிடுகிறானாம். "கைப்பேசியில் நாலு வார்த்தை தட்டினால் படம் வந்து விழுகிற காலத்தில் இவன் எதற்கு இப்படி மெனக்கெடுகிறான்?" என்று கேட்கிறார்.

அம்மா, இந்தக் கேள்வி கைப்பேசியோடு பிறந்ததல்ல. இதே பினாங்கில் யோங் முன் சென் என்றோர் ஓவியர் வாழ்ந்தார், 1962இல் மறைந்தார். மலேசிய ஓவியத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவர் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். கேமரா கையிலேயே இருந்தது. இருந்தும் மீனவர் படகுகளையும் கடற்கரையையும் நீர்வர்ணத்தில் தீட்டிக்கொண்டே இருந்தார். நீர்வர்ணம் லேசுப்பட்டதல்ல. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும். பூசிவிட்டால் அந்த வெள்ளை திரும்பக் கிடைக்காது. வெயில் எங்கே விழுகிறது என்று தூரிகை படுமுன்பே கண் முடிவு செய்தாக வேண்டும். அப்படிப் பார்க்கிற சுகத்துக்காகத்தான் அவர் வரைந்தார் என்பது என் எண்ணம்.

நம்மவர் சையது தாஜுதீனையும் சொல்ல வேண்டும். 1943இல் தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்கு வந்தவர். பிறகு சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தார். அஜந்தா சுவரோவியங்கள் அவர் கையை ஆட்கொண்டன. அனுமன் சீதையைக் காணும் காட்சியை 1972இல் தீட்டினார். எத்தனையோ தலைமுறை வரைந்த கதைதான். ஆனால் கடல் கடந்து வளர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞரின் கண்ணில் அது எப்படித் தெரிந்தது என்பதை அவர் வரைந்திராவிட்டால் நாம் அறிந்திருக்க முடியாது.

நாலு வார்த்தைக்குப் படம் தருகிற இயந்திரம், ஏற்கெனவே உள்ள கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. நம் தோட்டத்து விடியல் அதில் எவ்வளவு இருக்கும்? நான் பார்த்த பழைய போட்டோக்களில் நம் முன்னோர் யாரோ நிறுத்திய இடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்த மரம் எப்படித் தெரிந்தது? மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதைக் குனிந்து பார்த்த முகம் எப்படி இருந்தது? பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கேட்டு வரைய, அந்த விடியலைக் கண்ட பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

உங்கள் மகனை அவர்களிடம் அனுப்புங்கள், அம்மா. விடியாத காட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த இதழின் நடுப்பக்கங்களைத் தோட்டத்துப் பிள்ளைகளின் ஓவியங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். எல்லாத் தோட்டங்களிலிருந்தும் வரட்டும். தாளை மட்டும் மடிக்காமல் அனுப்புங்கள்; மடித்த இடத்தில் வர்ணம் உரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்