கீறல் கதவிலயா, பம்பரிலயா?

போன கிழமை ஈலிங் ரோட்டில மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், பின் கதவில் தொடங்கி பம்பர் மூலை வரைக்கும் ஒரு கீறல். தடவிப் பார்த்தேன், நகம் மாட்டினது. மேலே இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான். நகம் மாட்டினால் பொலிஷ் சரிவராது.

கதவை நானே செய்தேன். கலர் கோட் பார்த்து வாங்கின டச்-அப் பேனா, மெல்லிய அடுக்குகள், காய்ந்த பிறகு 2000 கிரிட் பேப்பரைத் தண்ணியில நனைச்சுத் தேய்ப்பு. கிட்டப் போனால் தெரியும், பரவாயில்லை.

பம்பரைத் தொடவில்லை. பிளைண்ட் ஸ்பொட் ராடர் அந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால்தான் இருக்கு. இப்ப வாற ராடர்கள் கனக்க 77 கிகாஹேர்ட்ஸ். அலைநீளம் 4 மில்லிமீட்டரும் இல்லை. அதுக்கு முன்னால ஃபில்லரையும், அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்டையும் தடிப்பாகப் பூசினால் சிக்னல் பலவீனமாகும். எச்சரிக்கை லைட் எரியும் எண்டும் நம்பேலாது. ஆவணத்தில இல்லாத டிபென்டென்சியைத் தொட்டு புரொடக்‌ஷனை விழுத்தின ஆக்களுக்கு இது விளங்கும்.

என்னைக் கேட்டால், டச்-அப் பேனாப் பெட்டியிலேயே இதை எழுதவேணும். நான் வாங்கினதில் ஒரு வரியும் இல்லை. கராஜில ராடரைப் பற்றிக் கேட்டேன். "பெயின்ட்தானே தம்பி" எண்டார். காரை அங்க விடேல்ல.